அந்தச் செல் இல்லை

வெள்ளவத்தையிலிருந்து களனிக்கு இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகும் ஜெகதீஸ்வரி, அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, ஆய்வுகூடக் கடிதம் மூன்றையும் கைப்பையில் வைத்திருப்பாள். போர் நடந்த தொண்ணூற்றேழில் கொழும்புச் சோதனைச் சாவடியைக் கடக்க அவை போதும். அன்று போதவில்லை. பையில் ஆய்வுக் குறிப்புக் கொப்பியும் இருந்தது.

அதை விரித்த பெண் கான்ஸ்டபிள் பஹ்மியா மாளிகாவத்தைக்காரி. தமிழ் வாசிக்கத் தெரியும் என்றுதான் அவளை அங்கே போட்டிருந்தார்கள். ஒரு வரியில் அவள் விரல் நின்றது.

"செல்லை இரண்டு பாகை திருப்பினேன். தள்ளி விழுகிறது. நாளை மீண்டும் அடிக்க வேண்டும்."

"எங்க அடிக்கப் போற, மிஸ்?"

யாழ்ப்பாணத்தில் செல் விழும்போதெல்லாம் பங்கருக்குள் ஓடியவள் ஜெகதீஸ்வரி. கொப்பி முழுக்கப் பாடப்புத்தகத் தமிழ். ஆய்வுகூடத்துப் பளிங்குத் துண்டை மட்டும் எல்லோரையும்போலச் செல் என்றே எழுதியிருந்தாள்.

"அது அந்தச் செல் இல்லை, மிஸ். ஒரு கண்ணாடிக் கட்டி. லேசர் லைற்தான் அடிக்கிறனாங்கள்."

"மொகக்த மே?" என்ன இது என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டே இன்ஸ்பெக்டர் வந்தார்.

ஜெகதீஸ்வரி சிங்களத்தில் விளக்கினாள். மைக்ரோவேவ் சிக்னலை அதிர்வு குறைந்த மீடிறனுக்கு இறக்கிக் கட்டிக்குள் விட்டால் அது ஒலியாய் அதிரும். ஊடே போகும் ஒளி அந்த அதிர்வுக்கேற்ப வளையும். ஒவ்வொரு மீடிறனும் தனித்தனிப் புள்ளியாய் விழும். எத்தனை சிக்னல் வந்தாலும் அந்தக் கணமே தெரிந்துவிடும்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"எங்கள் வயர்லெஸ் சிக்னலும் தெரியுமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பொய் சொல்லி மாட்டினால் இன்னும் மோசம். "ஏரியல் பூட்டினால் தெரியும், சேர். எங்களிடம் ஏரியல் இல்லை. மேசையில் இருக்கும் சிக்னல் ஜெனரேட்டரில்தான் பூட்டியிருக்கிறோம்."

இன்ஸ்பெக்டர் அவளை ஏறச் சொல்லி ஜீப்பைக் கைகாட்டினார்.

பஹ்மியா கொப்பியை மூடவில்லை. தாள்களைப் புரட்டி, எண்களை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். பிறகு சிங்களத்தில் சொன்னாள்: "சேர், இருபது நாளும் சிக்னல் நம்பர் ஒன்றேதான். உளவு பார்க்கிறவள் இருபது நாள் ஒரே ஸ்டேஷனையா கேட்பாள்?"

பின்னால் நின்ற சிப்பாய் சிரித்துவிட்டான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை, கொப்பியை வாங்கித் தானே எண்ணினார். இருபது வரி, சிக்னல் பகுதியில் ஒரே எண்.

"இது இங்கே இருக்கட்டும். நீ போ."

பஹ்மியா அடையாள அட்டையை நீட்டினாள். "கெதியாப் போங்க, மிஸ். அவருக்கு வேற யோசன வரமுந்தி."

இருபது நாள் அளவீடுகளுக்கு வேறு பிரதி இல்லை. ஜெகதீஸ்வரி கொப்பியைக் கேட்காமல் பஸ்ஸில் ஏறினாள்.