மேடைக்குப் பக்கத்து மேசை

கல்யாண விருந்து என்றால் பிலோமினாவுக்குச் சாப்பாடு இரண்டாம்பட்சம்தான். எந்த மேசையில் யாரை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று கழுத்தை நீட்டிப் பார்த்து முடிப்பதற்குள் பிரியாணி ஆறிப்போயிருக்கும். அவர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்னத் தனியார் கல்லூரியில் சமூகவியல் விரிவுரையாளர். இந்த வேடிக்கை பார்க்கும் குணத்தையே ஒரு பாடமாக ஆக்கியிருந்தார்.

மாணவர்களிடம் விருந்தினர் அட்டைகளைக் கொடுப்பார். லோரி கம்பெனி முதலாளி, தாதி, வேலையில்லாத மாமா, விவாகரத்தான அத்தை, மாப்பிள்ளையின் மேலதிகாரி. மண்டப வரைபடத்தில் மேடைக்குப் பக்கத்து மேசை தொடங்கி கழிப்பறைக்குப் பக்கத்து மேசை வரை இவர்களை உட்கார வைக்க வேண்டும். அத்தையை எங்கே வைப்பது என்று ஆரம்பித்தாலே போதும், வகுப்பு இரண்டுபட்டுவிடும். அந்தஸ்து, வர்க்கம், ஆண் பெண் பாகுபாடு எல்லாம் அந்தச் சண்டையிலேயே வந்து விழும்.

நாடெங்கும் உள்ள சமூகவியல் ஆசிரியர்கள் தங்கள் பாடங்களைப் பகிர்ந்துகொள்ள ஓர் இணையத்தளம் நடத்தினார்கள். நினைத்தவர் நினைத்ததைப் போட்டுவிட முடியாது. சக ஆசிரியர்கள் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். பாடத்தை இன்னொருவர் மேம்படுத்தினால் அவர் பெயர் மேலே ஏறும், பழைய பெயர் ஒரு வரி கீழே இறங்கும். அந்த வழக்கம் பிலோமினாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இத்தனை வருடம் தொண்டை வறளக் கத்தியும் அவர் பெயர் எங்குமே வந்ததில்லை. வந்தால் மேலே வர வேண்டும், தனியாக வர வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

அனுப்பிய பாடம் திரும்பி வந்தது. "உங்கள் வகுப்பில் நன்றாக நடக்கிறது, சரி. வேறொருவர் உங்கள் தாளை மட்டும் வைத்துக்கொண்டு நடத்த முடியுமா? நடத்திக் காட்டி எழுதுங்கள்" என்று குறிப்பு. இன்னொரு முறை திரும்பினால் அதே பாடத்தை மறுபடி அனுப்ப முடியாது.

ஷா ஆலமில் ஒரு கல்லூரியில் ஷபீர் பாடம் நடத்தினார். கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம், பிலோமினாவுக்குப் பல வருடப் பழக்கம். அவரைப் பிடித்தார்.

"தம்பி, தாள்ல இருக்கறத மட்டும் சொல்லணும். ஒரு வார்த்த கூடச் சேர்க்கக் கூடாது. நான் பின்னால உக்காந்திருப்பேன், வாயே திறக்க மாட்டேன்."

"நீங்களா? பாக்கலாம் லா அக்கா" என்று சிரித்தார் ஷபீர்.

வகுப்பில் பெரும்பாலும் மலாய் மாணவர்கள். அட்டைகள் கைக்குப் போயின. பிலோமினா சண்டைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். சண்டையே வரவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் எல்லாக் குழுக்களும் முடித்துவிட்டன. எங்கள் கல்யாணங்களில் வீட்டு வாசலில் கூடாரம் போடுவார்கள், வருகிறவர்கள் காலியான இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டார்கள். அத்தையும் முதலாளியும் ஒரே மேசையில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள்.

பிலோமினாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. நம் வீட்டு வழக்கத்தை உலக வழக்கமென்று நினைக்காதீர்கள் என்று முதல் வாரமே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் அவர். தாள் முழுக்க அவர் வீட்டுக் கல்யாணம்தான் இருந்தது. அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது.

சத்தியத்தைக் காற்றில் விட்டுவிட்டு, "இவங்க கல்யாண வழக்கம் தெரிஞ்சும் ஏன் தம்பி சொல்லல?" என்று கடைசி வரிசையிலிருந்து கத்தினார்.

"தாள்ல இல்லாததச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

மொழி புரியாவிட்டாலும் அவர் கத்தியதைப் பார்த்து வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஷபீர் தாளைக் கீழே வைத்தார். கொஞ்சம் யோசித்து, "சரி, அந்த விருந்தில் உட்காராதவர் யார்?" என்று மாணவர்களைக் கேட்டார்.

ஒரு பெண், தன் அம்மா எந்த விருந்திலும் உட்கார்ந்து பார்த்ததில்லை, எப்போதும் பின்கட்டில் அண்டா பக்கம்தான் என்றாள். எங்கள் வீட்டில் அப்பாதான் அண்டா பக்கம் என்றான் ஒருவன். உங்கள் அப்பா பேருக்குக் கிண்டுவார், பாத்திரம் கழுவுவது யார் என்றாள் அவள். பிடித்துக்கொண்டது சண்டை. அடுத்த வகுப்புக்கு வந்தவர் கதவைத் தட்டியும் யாரும் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு ரயிலில் திரும்பும்போது பிலோமினா மனத்துக்குள் கொஞ்சம் மல்லுக்கு நின்றார். ஒரே ஒரு கேள்விதானே, தாளில் தன் கேள்வியாகச் சேர்த்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அந்தக் கேள்விதான் பாடத்தைக் காப்பாற்றியது. ஸ்டேஷனில் இறங்குமுன் போனை எடுத்து, பாடத்தாளின் முதல் வரியில் ஷபீர் என்று அடித்தார். மனசு வலித்தது. அதற்குக் கீழே தன் பெயரை அடித்தார்.

பாடம் ஏற்கப்பட்டது. சில மாதம் கழித்துச் சரவாக்கிலிருந்து கிளாரிசா என்று ஓர் ஆசிரியை, ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் வாழும் நீண்டவீட்டு விருந்துக்கு ஏற்றபடி மற்ற அட்டைகளை மாற்றி, அத்தை அட்டையை அப்படியே வைத்து அனுப்பியிருந்தார். தன் மாணவர்கள் வாய் ஓயாமல் வாதாடியதாகவும் எழுதியிருந்தார். பிலோமினா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். தான் பார்த்தேயிராத ஒரு வகுப்பில் தன் அட்டையிலிருந்த அத்தையை எங்கே உட்கார வைப்பதென்று யாரோ சண்டை போட்டிருக்கிறார்கள். அதை நினைக்க நினைக்கச் சந்தோஷம் தாங்கவில்லை.

அன்று மாலை ஷபீர் போன் செய்தார். "அக்கா, பாத்தீங்களா? உங்க பேரு கடைசிக்குப் போயிருச்சு."

"பாத்தேன் தம்பி. கழிப்பறைக்குப் பக்கத்து மேசை." பிலோமினா சிரித்தார். "ஆனா இங்க கழுத்த நீட்ட வேண்டியதே இல்ல. மண்டபம் முழுசும் தெரியுது லா."