முப்பது நாள் ரீமிக்ஸ்

புதுக் கேசட்டின் பெட்டியைத் திறந்ததும் ஒரு வாடை வரும். பிளாஸ்டிக்கும் அச்சு மையும் கலந்து மூக்கு நுனியில் லேசாக எரிகிற வாடை. அம்மாவின் வேலைச் சட்டையில் ஊறிப்போன ரப்பர்ப் பாலின் புளித்த நெடிக்கும், அடுப்படிக் கருவாட்டு நெடிக்கும் நடுவே வளர்ந்த எனக்கு அது வெளியூரின் வாடையாகவே தோன்றும். அதனால் எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, சித்தப்பா சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து அந்தக் கேசட்டை வாங்கி வந்த அன்று, பாட்டைக் கேட்பதற்கு முன்னால் அதை மோந்துதான் பார்த்தேன்.

அட்டையில் கறுப்புக் கண்ணாடியும் தொளதொளச் சட்டையுமாகப் பாடகர் நின்றுகொண்டிருந்தார். அவர் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் தோட்டத்தில் அவருக்கு 'ஸ்டார் அண்ணே' என்றுதான் பெயர். பக்கத்து ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் 'லயத்தில்', வரிசை வீடொன்றில் பிறந்து, ஈப்போவுக்குப் போய், வானொலியில் பேர் வாங்கிவிட்ட மனிதர். தம்முடைய பழைய பாட்டுகளையே ஒரு பக்கம் நடன ரீமிக்ஸாகவும் மறுபக்கம் ஹிப்ஹாப் ரீமிக்ஸாகவும் மாற்றி அவர் போட்ட தொகுப்பு அது. பெரியவர்களுக்கு அது பிடிக்கவே இல்லை. "நல்லா இருந்த பாட்ட ரோஜாக் பண்ணி வச்சிருக்கான்லா" என்று, கண்டதையும் கலந்து கிண்டும் தின்பண்டத்தின் பேரைச் சொல்லி, அப்பா ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். எங்களுக்கோ குஷியில் தலைகால் புரியவில்லை. சித்தப்பா வீட்டு ரேடியோவில் அதைப் போட்டால் அலமாரியில் இருக்கும் பீங்கான் மங்குகள் கிணுகிணுக்கும், தகரக் கூரை அதிரும், நாங்கள் பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் அங்கேயே கிடப்போம்.

அதில் மூன்றாவது பாட்டுதான் எங்களுக்கு உயிர். பாட்டின் நடுவே, சுண்டெலி கத்துவது போல வேகமாக ஓட்டிவிட்ட ஒரு பெண்குரல், "முப்பது நாள், முப்பது நாள், முப்பது நாள் ஆகலையே" என்று திரும்பத் திரும்ப வரும். பிறகு "என்" என்று ஒரே ஒரு சொல். அதைப் பாதியில் அறுத்துக்கொண்டு டிரம் 'டமார்' என்று விழும். அந்த ஆண்டுப் பொங்கல் விழாவுக்கு நானும் இரண்டு தோழிகளும் அந்தப் பாட்டுக்குத்தான் ஆடுவது என்று முடிவாயிற்று. நடனம் அமைத்தது சாட்சாத் நான்தான். முப்பது நாள் என்று வரும்போது பத்து விரலையும் மூன்று முறை விரித்துக் காட்டிச் சிரிக்க வேண்டும், "என்" வந்ததும் டிரம்மோடு சேர்ந்து மூவரும் குதிக்க வேண்டும். ஒரு மாதம், அம்மா வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, சித்தப்பா வீட்டு வாசலில் குதித்துக் குதித்துப் பழகினோம். என்ன பாட்டு என்று அம்மா கேட்டபோது, அன்றைக்கு வந்து பார் என்று பெரிய மனுஷி போலச் சொல்லிவிட்டேன்.

பொங்கலன்று நான்கு மணி வெயிலில், தோட்டத்துத் திடலில் போட்டிருந்த மேடையில் ஏறினோம். அம்மா முதல் வரிசையில், காகிதச் சுருளிலிருந்து கச்சான் கொட்டையை எடுத்து வாயில் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். பாட்டு தொடங்கியது. அந்தக் குரல் வந்ததும் அம்மாவின் கை வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றுவிட்டது. என் ஆட்டத்தைப் பார்த்து அசந்துபோய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். அதனால் மற்ற யாரையும் பார்க்காமல், அம்மாவைப் பார்த்தே பத்து விரலையும் விரித்தேன். மூன்று முறை. சிரித்துக்கொண்டே. அப்புறம் குதித்தேன்.

முதல் பரிசு எங்களுக்குத்தான். ஆளுக்கு ஒரு சுடுநீர்க் குடுவை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் இறங்கியபோது அடுத்த வீட்டு மாரியாயி அத்தை என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அவளும் அம்மாவும் ஒரே ரப்பர் மர 'நிரை'யில் பால் வெட்டுகிறவர்கள்.

"அடியே, அது யாரு கொரலுன்னு தெரியுமா ஒனக்கு? உங்கம்மா கொரலுடி. உந்தம்பிக்கு அழுதது."

எனக்கு ஒரு தம்பி பிறந்தான் என்பது தெரியும். நான்கு வயதில் பார்த்தது, பச்சைச் சேலையில் கட்டிய ஏணை ஒன்று மட்டும் நினைவில் இருக்கிறது. பிறந்த இருபத்திரண்டாம் நாள் அவன் போய்விட்டான். எங்கள் பக்கத்தில் முப்பதாம் நாள்தான் பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள். பெயர் வைக்காத பிள்ளைக்கு ஒப்பாரி வைக்கக்கூடாது, வைத்தால் அடுத்த பிள்ளை தங்காது என்பது பெரியவர்களின் கண்டிப்பு. தோட்டத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரி பாட முதலில் என் அம்மா முத்தம்மாவைத்தான் கூப்பிட வருவார்கள். ஊர்ச் சாவுக்கெல்லாம் அழுத அவளை, அவள் பிள்ளைக்கு மட்டும் வாயைத் திறக்கவிடவில்லை. சின்னத் துணிப் பொட்டலமாக அவனைத் தூக்கிக்கொண்டு போனபோது, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்டார் அண்ணே தம்முடைய முதல் தொகுப்பில் தோட்டத்தைப் பற்றிய ஒரு சோகப் பாட்டுக்கு அசல் ஒப்பாரிக் குரல் தேடி வந்து, அம்மாவையும் துணைக்கு மாரியாயி அத்தையையும் வேனில் ஏற்றி ஈப்போவுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். கடை மாடியில் ஒரு ஒலிப்பதிவுக் கூடம். சுவரெல்லாம் மெத்தை, கதவை மூடினால் வெளியே ஒரு சத்தம் போகாது. எது வேண்டுமானாலும் பாடுங்கள் அக்கா என்று அவர் சொன்னதும், அம்மா கொஞ்ச நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் பிள்ளையை அழத் தொடங்கிவிட்டாள். முப்பது நாள் ஆகலையே, முகம் பார்த்து முடியலையே என்று தொடங்கி, யாருக்கும் சொல்லாமல் தான் மனசுக்குள் அவனுக்கு வைத்திருந்த பெயரையும் சொல்லி அழுதிருக்கிறாள். திரும்பும் வேனில் அம்மாவே இதை அத்தையிடம் சொல்லியிருக்கிறாள், பெயரை மட்டும் சொல்லவில்லை; பாடும்போது அத்தை மாடிப்படியில் இருந்ததால் அது அவள் காதிலும் விழவில்லை. அந்த முதல் கேசட்டும் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி கேட்கக்கூடாது என்று அப்பா வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த பிள்ளை தங்குவது இருக்கட்டும், பிறக்கவே இல்லை.

அன்று வீட்டுக்குப் போனபோது அம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், குடுவையைத்தான் நீட்டினேன். அவளே, "நல்லாத்தான் ஆடுன" என்று சொல்லிவிட்டு அந்தக் குடுவையை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள். மறுநாளிலிருந்து வேலைக்கு அதில்தான் தேத்தண்ணி கொண்டு போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் என்னை அழைத்துப் போய், "அந்தப் பாட்டப் போடு" என்றாள். போட்டேன். ரேடியோவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சற்றே முன்னால் குனிந்து கேட்டாள். "என்" என்று வந்ததும் அவள் உதடு அசைந்தது; அதற்குள் டிரம் விழுந்துவிட்டது. மறுபடி போடச் சொன்னாள். ஐந்தாறு முறை போட்டிருப்பேன்.

"மிச்சத்த எங்க வச்சான்?" என்றாள். "அந்தப் பக்கம் இருக்கா பாரு."

திருப்பிப் போட்டேன். ஹிப்ஹாப்பில் அவள் குரலை இழுத்து மெதுவாக்கிவிட்டிருந்தார்கள். "இது யாரோ ஆம்பள அழுவுற மாதிரில இருக்கு" என்று லேசாகச் சிரித்தாள். அதிலும் அதே இடத்தில் அறுந்தது. அம்மா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "முழுசா வுட மாட்டேங்கறான். வா, போலாம்."

வரும் வழியில் கேட்டேன், தம்பிக்கு என்ன பெயர் வைத்தாய் என்று. "அங்கதான் சொல்லிட்டேன்லா" என்றாள். பிறகு கொஞ்சதூரம் நடந்து, "இன்னொரு தடவ சொன்னா என்னால வேலைக்குப் போவ முடியாதும்மா" என்றாள். நான் அதற்கப்புறம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வளர்ந்தபின், கல்யாணமானபின், அவளுக்கு நினைவு நன்றாக இருந்த எத்தனையோ மத்தியானங்களில் கேட்டிருக்கலாம். அவளாகச் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன், அவ்வளவு பெரிய மடச்சி நான்.

இப்போது எங்கள் தோட்டத்தில் ரப்பர் போய் முழுக்க எண்ணெய்ச் செம்பனை. லயங்களை இடித்துவிட்டார்கள், மாரியாயி அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள், அப்பாவும் போய்விட்டார். அம்மா நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஈப்போவில் என் வீட்டில் இறந்தபோது ஒப்பாரி சொல்ல ஒருத்தி இல்லை. தலைமாட்டில் ஒரு சின்னப் பெட்டியில் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதன்பிறகுதான் எனக்கு வெறி பிடித்தது. அந்த முதல் கேசட்டைத் தேடாத இடமில்லை. ஒலிப்பதிவுக் கூடம் இருந்த மாடியில் இப்போது கைப்பேசி பழுது பார்க்கிறார்கள். எண்ணைத் தேடிப் பிடித்து ஸ்டார் அண்ணேயிடமே பேசினேன். நல்ல மனிதர், அந்தப் பெயரைக் கேட்டதும் யோசித்துப் பார்த்தார்.

"மூலப் பதிவெல்லாம் பூசணம் புடிச்சுத் தூக்கிப் போட்டாச்சு தங்கச்சி. ஏதோ சின்னப் பேருலா... ஞாபகம் வரல. அந்த எடத்துல டிரம் போட்டாத்தான் எடுப்பா இருக்கும்னு மிக்ஸ் பண்ண பையன் சொன்னான். நானும் சரின்னுட்டேன்."

ரீமிக்ஸ் மட்டும் இன்றும் கைப்பேசியில் கிடைக்கிறது. கீழே யார் யாரோ பழைய ஞாபகம், செம ஆட்டம் என்று எழுதியிருக்கிறார்கள். என் அம்மாவின் குரல் உலகத்தில் மிச்சமிருப்பது அதில் மட்டும்தான். சில நாள் காரில் கேட்கிறேன். டிரம் விழுவதற்கு முன்னால் நிறுத்திவிடுகிறேன்.

இந்த ஆண்டு ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரைக்குப் போனேன். தர்ப்பணம் கொடுக்க ஆண் பிள்ளை இல்லாததால் நானே உட்கார்ந்தேன். ஐயர் அப்பா பெயரைக் கேட்டுச் சொன்னார், அம்மா பெயரைக் கேட்டுச் சொன்னார், எள்ளும் தண்ணீரும் விட்டேன்.

"வேற யாரும் இருக்காங்களாம்மா?"

"ஒரு தம்பி."

"பேரு?"

கையில் தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது. பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். தெரியாது என்றேன். பெயர் இல்லாமல் எப்படியம்மா விடுவது என்று அவர் தயங்கினார்.

"முத்தம்மா மகன்னு சொல்லுங்க ஐயரே."

அவர் அப்படியே சொன்னார். நான் கையைச் சாய்த்தேன்.