பதினைந்து நிமிட நடை

அந்த ஸ்கேன் சென்டரில் அவளுக்குக் கங்காணி என்று பெயர். நோயாளிகள் வைத்த பெயர்தான். பாதிப்பேர் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், வாயாடிகள் முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். அவள் சிரித்துக்கொள்வாள். ஆனால் ஒரு நிமிடம் குறைக்கமாட்டாள்.

வேலை இதுதான். இடுப்பு மூட்டின் குருத்தெலும்பைப் படம் எடுக்க வருகிறவர்களுக்குக் கையில் ஊசி வழியே மருந்து ஏற்றுவார்கள். உடனே எழுந்து பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். நடந்தால்தான் மருந்து மூட்டுக்குள் இறங்கும். குருத்தெலும்பு கெட்ட இடமெல்லாம் மருந்தைக் குடித்துவிட்டுப் படத்தில் மாட்டிக்கொள்ளும். உட்கார்ந்துவிட்டாலோ, உளுத்துப்போன மூட்டுகூடப் புத்தம் புதுசாகத் தெரியும். ஸ்கேன் எடுக்கும் மெஷின்காரர் முதல் வாரமே இதை அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

வலி தாங்காமல்தானே ஐயா ஸ்கேனுக்கே வருகிறார்கள்! அவர்களை நடக்கவைப்பது லேசுப்பட்ட வேலையா? வராந்தாவில் உடை மாற்றும் அறையிலிருந்து தண்ணீர் மெஷின் வரை, அங்கிருந்து திரும்ப. புருஷன் செத்த மாதம் வேலைக்கு வந்தவள், பதினோரு வருடமாக நடத்திக்கொண்டிருந்தாள். ஒரு தையல்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கையைச் சுவரிலிருந்து பிடுங்கி நடக்க விட்டாள். ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தி, "நீ நல்லா இருப்பியா?" என்று வாய்விட்டே சபித்தாள்.

"நான் நல்லாத்தான் இருக்கேன் டீச்சர். நீங்க நடங்க. இன்னும் ஆறு நிமிஷம்."

ஒருநாள் அதே வராந்தாவுக்கு அவள் மகள் வந்தாள். ஒரே மகள், இருபத்துநான்கு வயது, தபால்காரி. ஒரு வருடமாக வலது இடுப்பில் வலி, மாடிப்படி ஏறினால் உயிரே போகும். டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். குருத்தெலும்பு நன்றாக இருந்தால் இடுப்பெலும்பை வெட்டித் திருப்பி வைத்துச் சொந்த மூட்டையே காப்பாற்றிவிடலாம். கெட்டிருந்தால் வெட்டுவது தண்டம், நேராகச் செயற்கை மூட்டுதான். எல்லாம் படத்தின் கையில் இருந்தது.

நாலாவது நிமிடத்தில் மகள் நின்றுவிட்டாள். உதடு வெளுத்திருந்தது.

"அம்மா, முடியலம்மா. கொஞ்சம் உட்காரட்டா?"

பாழாய்ப்போன பெற்ற வயிறு! ஊரான் பிள்ளைக்கு அசையாதது இதற்கு அசைந்துவிட்டது. யாராவது பார்க்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காரு கண்ணு."

மீதிப் பதினோரு நிமிடமும் மகள் உட்கார்ந்தே இருந்தாள். நடந்த நேரம் என்ற கட்டத்தில் அம்மாக்காரி பதினைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மெஷின்காரர் சொன்னது மறந்தா போயிருக்கும்? நாலு நிமிடம் நடந்தாளே, போதாதா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

படம் பிரமாதமாக வந்தது. டாக்டருக்கே வாயெல்லாம் பல். அம்மாக்காரி சென்டர் முழுக்கச் சாக்லெட் கொடுத்தாள். மகளின் எலும்பை வெட்டி, திருப்பி, ஸ்க்ரூ போட்டு முடுக்கினார்கள். மூன்று மாதம் படுக்கை. எட்டாவது மாதம் அந்தப் பெண்ணால் கக்கூசுக்குக்கூடத் தனியாகப் போக முடியவில்லை. தபால் வேலையும் போயிற்று.

டாக்டர் பழைய படத்தையும் புது எக்ஸ்ரேயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூட்டு அப்பவே தேஞ்சு போயிருந்திருக்கணும். வெட்டியிருக்கவே கூடாது. படத்துல எப்படித் தெரியாமப் போச்சு? பதினஞ்சு நிமிஷம் நடந்தாங்கல்ல?"

"நடந்தா சார். நான்தானே நடத்தினேன்" என்றாள், மகளின் முகத்தைப் பார்க்காமல்.

அம்மா சக்கர நாற்காலியை வெளியே தள்ளிவந்து லிஃப்ட் முன்னால் நிறுத்தியபிறகுதான் மகள் கேட்டாள்.

"வர்றவங்களை எல்லாம் அழ அழ நடக்க வச்சியே, என்னை மட்டும் ஏம்மா உட்கார வச்சே?"

"உனக்கு வலிச்சுதேடி..."

"இப்ப வலிக்கலையா?"