செடி பகலிலும் சுவாசிக்கும்

அறுபதுகளின் கடைசியில் கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். நான் படித்தது சரித்திரமும் தமிழும். ஆனால் வடக்கிலிருந்து வந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று தோட்டத்தில் ஒரு நினைப்பு. அந்த நினைப்பு எனக்கும் பிடித்திருந்தது. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா பின்னேரத்தில் காலியாகிவிடும். அங்கே எட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். கணக்கு, சமயம், விஞ்ஞானம், எதைக் கேட்டாலும் பதில் சொல்வேன். தெரியாததைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன்.

அவர்களில் ஒருத்தி ரப்பர் மரத்தில் பால் வெட்டும் குடும்பத்துப் பிள்ளை. சாதாரண தரச் சோதனையில் விஞ்ஞானம் சித்தியடைந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை தருவதாக டொக்டர் சொல்லியிருந்தார். ஒருநாள், "செடி எப்ப சுவாசிக்கும் சேர்?" என்று கேட்டாள்.

"பகலில சாப்பாடு செய்யும். இரவிலதான் சுவாசிக்கும்."

மறுநாள் கிராமத்துச் சிநேகிதியின் சிங்களப் புத்தகத்தோடு வந்தாள். "இதுல பகல்லயும் சுவாசிக்கும்னு போட்டிருக்குங்க சேர்." எனக்குச் சிங்களம் வாசிக்க வராது. அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. எல்லாப் பிள்ளைகளும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"உந்தப் புத்தகத்தை இஞ்ச கொண்டு வராதை. நான் சொன்னதை எழுது," என்றேன். புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டாள்.

மனம் கேட்கவில்லை. ஸ்டோர் பொறுப்பாளரான சிங்கள நண்பரிடம் விசாரித்தேன். அவர் தன் மகனின் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "அந்தப் பிள்ளை சொன்னது ஹரி, சரிதான்," என்று சிரித்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். சொல்ல வெட்கம், வேறென்ன. அதற்குள் சோதனை வந்துவிட்டது.

விஞ்ஞானத்தில் மட்டும் கோட்டை விட்டாள். அந்த ஒரு கேள்வியால்தான் என்று சொல்ல மாட்டேன். நான் சொல்லிக்கொடுத்த மற்றவையும் அந்த லட்சணத்தில்தானே இருந்திருக்கும்.

தோட்ட வேலைக்குப் பெயர் பதியக் கந்தோர் ஜன்னலில் வந்து நின்றாள்.

"செடிக் கேள்வி வந்ததோ?" என்று கேட்டேன்.

"வந்துச்சுங்க. நீங்க சொன்னதத்தான் எழுதினேன்."

"புத்தகத்தில இருந்ததுதான் சரியெண்டு உனக்குத் தெரியுமெல்லோ?"

"தெரியுங்க சேர். அத்தன பேருக்கு முன்னால நீங்க சொன்னத நா எப்படிங்க மாத்தி எழுதுறது?"

அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குனிந்து, பால் வெட்டுபவர்களின் பட்டியலில் அவளுடைய பெயரை எழுதினேன்.