சிவப்பைக் கண்ட காலை

போரால் பாதை மூடி, விளைச்சல் ஏற்றிக் கொழும்புக்கு லொறி ஓடாத காலம். உரும்பிராயில் எங்கள் தோட்டத்துப் பீற்றூட்டை நாங்களே தின்று தீர்க்க வேண்டியிருந்தது. ஒருநாள் காலை கக்கூசில் சிவப்பைக் கண்டதும் குடல் வெடித்துவிட்டது என்றே நினைத்தேன்.

மனைவியின் தம்பி என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றி ஆசுபத்திரிக்கு மிதித்தான். புகையிலைத் தோட்டங்கள் கனவில்போல மிதந்து போயின. வெங்காயத் தாள்கள் தலையாட்டி விடைகொடுத்தன. நானும் கைகாட்டினேன்.

"ஆருக்கு அத்தான் கைகாட்டிறியள்?"

"உலகத்துக்கடா."

டொக்டர் கேட்டார்: "நேற்று என்ன சாப்பிட்டனீங்கள்?"

"பீற்றூட் கறி, பீற்றூட் சம்பல்..."

"அதின்ரை சாயம்தான் ஐசே! இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் எல்லாம் சுத்திப்போட்டு இண்டைக்கு வெளியிலை வந்திருக்கு."

"இனி நடந்து வாங்கோ அத்தான்" என்றான் தம்பி.

இப்போதெல்லாம் சிவப்பைக் கண்டால் பயப்படுமுன் முதல்நாள் கறி என்னவென்று மனைவியிடம் கேட்கிறேன். பீற்றூட் இல்லையென்றால்தான் டொக்டரிடம் ஓடுவேன்.