வாஃப்ராவில் வெள்ளையடித்த வாரம்

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் குவைத்தில் இறங்கினேன். துபாயிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம்தான். இதற்கு நாலு வருஷம் சாக்குச் சொல்லியிருக்கிறேன், வெட்கக்கேடு! தம்பி முத்துக்குமார் தெற்கே வாஃப்ராவில், சவுதி எல்லைக்குப் பக்கம், ஒரு காய்கறிப் பண்ணையில் வேலை பார்க்கிறான். அவன் ஊருக்கு லீவில் போகும்போது நான் துபாயில் இருப்பேன். நான் போகும்போது அவன் இங்கே இருப்பான்.

பண்ணைக்கு ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். இருபது தினார் கேட்ட பெஷாவர்க்கார டிரைவர் பதினைந்துக்கு இறங்கி வந்தார். வழி நெடுக மேடுபள்ளமில்லாத சமவெளி. மின்கோபுரங்கள், நடுநடுவே ஒட்டகங்கள். இந்த மாதம் வானத்தை நம்பாதீர்கள் என்றார் டிரைவர். கோடை பிடிப்பதற்கு முன் திடீர் திடீரென்று புழுதியும் இடியும் மழையும் வரும் இந்த நாட்களுக்குச் சரயாத் என்று பெயராம். பதினோரு வருஷமாக வளைகுடாவில் இருப்பவளுக்கே பாடமா என்று உம் கொட்டி வைத்தேன்.

முத்து கறுத்து, மெலிந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வாசலில் நின்றான். அவனுடைய கஃபீல், அதாவது பண்ணை முதலாளி, தன் விருந்தினர் அறையையே எனக்குத் திறந்து விட்டிருந்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, மேசையில் பேரீச்சம்பழமும் மோரும் இருந்தன. என் முகத்தைக்கூடப் பார்க்காத மனிதர். நன்றாக இருக்கட்டும்.

ஞாயிறன்று நாற்பத்தொரு டிகிரி. முத்து தன் மூன்று பசுமைக்குடில்களைக் காட்டினான். பாலிதீன் கூரை, உள்ளே ஆயிரத்து எண்ணூறு வெள்ளரி நாற்று, நட்டு ஐந்து நாள். கூரை முழுக்கச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அது இல்லையென்றால் குடில் இட்லிச் சட்டியாகிவிடும் என்றான்.

சூப்பர்வைசரானபின் இது அவனுக்கு முதல் வெள்ளாமை. அவன் மனைவி செல்விக்கு ஜூலை முதல் வாரம் பிரசவம், தலைப்பிள்ளை. ஜூன் கடைசியில் அறுவடை முடிந்தால் ஊருக்குப் போகலாம் என்று கஃபீல் வாக்குக் கொடுத்திருந்தார். நாற்று கருகினால் மறுபடி நட வேண்டும். லீவு ஆகஸ்டுக்குப் போய்விடும். பிள்ளையைப் போனில்தான் பார்க்க வேண்டும்.

திங்கட்கிழமை புழுதி. பகல் பன்னிரண்டுக்கு வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. பண்ணையில் காற்று பிய்த்துக்கொண்டு போன பொருள்களில் சுண்ணாம்பு வடிகட்டும் வலையும் ஒன்று. செவ்வாய், நம்பவே முடியாத குளிர்ச்சி, சால்வையைத் தேடினேன். புதன் மாலை இடித்து முழக்கிவிட்டு, மேகம் சொட்டுக்கூடப் போடாமல் சவுதிப் பக்கம் போயிற்று. வியாழன் நாற்பத்து மூன்று.

வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு எனக்கு விமானம். முத்து பாதி நாள் லீவு சொல்லி, ஏர்போர்ட் வரை வருவதாக இருந்தான். விடியும்போது மழை கொட்டியது. நான் பைத்தியக்காரி மாதிரி முற்றத்தில் இறங்கிக் கையை விரித்து நனைந்தேன். காலடியில் பால் மாதிரி தண்ணீர் ஓடியபோதுதான் உறைத்தது. கூரைச் சுண்ணாம்பு அத்தனையும் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

ஏழு மணிக்கு வானம் துடைத்துவிட்டது போலத் தெளிந்தது. சுண்ணாம்பு போன கூரைமேல் வெயில் நேராக இறங்கியது.

“பத்து மணிக்குள்ள அடிக்கலைன்னா எல்லாம் கருகிரும்க்கா. நீ குளிச்சுக் கெளம்பு” என்றான் முத்து.

“கெளம்புதேன். மொதல்ல அந்த டிரம்மை இங்கிட்டுத் தள்ளு” என்றேன்.

இருந்தது ஒரே தெளிப்பான். வலை இல்லாததால் சுண்ணாம்புக் கட்டி இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் அதன் மூக்கை அடைத்தது. என் பெட்டியிலிருந்த சுங்குடிச் சேலையைக் கிழித்து நாலாக மடித்தேன். முத்துவோடு வேலை பார்க்கும் வங்காளதேசத்து ஷஃபிக் பாய் சுண்ணாம்பைக் கரைக்க, நான் வடிகட்ட, முத்து ஏணியில் நின்று அடித்தான். ஒன்பது மணிக்குப் பக்கத்துப் பண்ணையிலிருந்து எகிப்துக்காரர் ஒருவர், யாரும் கேட்காமலே, இன்னொரு தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். பெயரைக் கேட்கக்கூட நேரமில்லை. என் விரலெல்லாம் எரிந்தது.

டாக்ஸி வந்தபோது மணி பதினொன்று. மூன்றாவது குடிலில் பாதி பாக்கி. உள்ளே நாற்றுகள் தலை தொங்கிவிட்டன. “ஏர்போர்ட்டுக்கு வர முடியலைக்கா” என்றான் முத்து, ஏணியிலிருந்து இறங்காமலே. நாலு வருஷத்துக்குப் பிறகு வந்த அக்காவை அனுப்புகிற அழகைப் பார் என்று திட்டிவிட்டு வண்டியில் ஏறினேன். உண்மையில் அவன் இறங்கியிருந்தால்தான் அடித்திருப்பேன்.

துபாயில் எனக்கு வானிலை என்பது கண்ணாடிக்கு வெளியே நடக்கும் சமாச்சாரம். மழை பெய்தால் படம் எடுத்து அனுப்புவேன், அவ்வளவுதான். என் தம்பி அதற்கு அடியிலேயே நின்று பிழைக்கிறான் என்று இந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்று மணிக்கு, போர்டிங்குக்குக் காத்திருக்கும்போது, போனில் அவன் குரல் வந்தது: “அக்கா, ஒரு ஓரத்துல நாப்பது செடி போச்சு. மத்ததெல்லாம் நிமிந்துருச்சு. கஃபீல் வந்து பாத்துட்டாரு. ஜூலை ஒண்ணாந்தேதிக்கு டிக்கெட் போடுதியா?”

எதிரே யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, குவைத்திலிருந்து திருவனந்தபுரம் என்று போட்டு, அவன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். திரும்பும் தேதி கேட்டது. பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு அவனே சொல்லட்டும் என்று அதைக் காலியாக விட்டேன்.