கை பொறுக்கும் சூடு

பெங்களூரில் மூன்று வருஷம் நான் செய்த ஆராய்ச்சி கோபால்ட் உப்புகளைப் பற்றியது. நடுவில் ஓர் உலோக அணு இருக்கும். அதைச் சுற்றி ஆறு அம்மோனியா பிடித்துக்கொண்டு நிற்கும். ஒன்றை நீக்கி அந்த இடத்தில் வேறொன்றை வைத்தால் மஞ்சள் உப்பு ரோஜா நிறமாகும், இன்னொன்றை மாற்றினால் பச்சையாகும். அணைவுச் சேர்மங்கள் என்று இவற்றுக்குப் பெயர். விடுமுறைக்கு எங்கள் ஊர் புதுச்சத்திரத்துக்கு வந்தபோது ஒரு சின்னக் குப்பியில் அந்தப் பச்சையைக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு ஆகுஞ்சாமி?" என்று கேட்டார். ஒன்றுக்கும் ஆகாது என்றேன். சிரித்துவிட்டுக் குப்பியைத் திருப்பிக் கொடுத்தார்.

யுத்தம் தொடங்கியபின் எனக்கு ஒரு வேலை வந்தது. சேலத்துக்கு வெளியே கடலை எண்ணெயைக் கெட்டியாக்கி, நெய்க்குப் பதிலாக விற்கும் தொழிற்சாலை அது. எண்ணெயும் ஹைட்ரஜனும் தாமாகச் சேருவதில்லை. நிக்கல் தூளைப் போட்டால் அதன் மேல்பரப்பில் இரண்டும் சேர்ந்து எண்ணெய் வெள்ளைக் கொழுப்பாகிவிடும். நிக்கல் செலவாகாமல் அப்படியே இருக்கும். தான் செலவாகாமல் மற்றதை நடத்திவைக்கும் இப்படிப்பட்ட பொருளை வினையூக்கி என்பார்கள். அந்தத் தூள் சீமையிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. கப்பல் நின்றதும் முதலாளி என்னைக் கூப்பிட்டு, இங்கேயே செய்ய முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தினமும் சைக்கிளில் போய் வந்தேன்.

எனக்குத் துணையாக ஓர் ஆளைக் கொடுத்தார்கள். பரமத்தி வேலூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். ஒரு வருஷம் காவிரி வெள்ளம் கொடிக்காலை அடித்துக்கொண்டு போய்விட, மனைவியுடன் சேலத்துக்கு வந்துவிட்டார். கொடிக்காலில் வேலை செய்த கை என்பது பார்த்தவுடன் தெரியும். எதையும் முரட்டுத்தனமாகத் தொடமாட்டார். பச்சை நிக்கல் கார்பனேட்டை வடிகட்டிக் கழுவும்போது, கடைசித் தண்ணீர் தெளிவாக வரும்வரை அவசரப்பட்டதே இல்லை. "ஏனுங்க, போதுமுங்களா?" என்று நான்தான் கேட்பேன். "இன்னொருக்காக் கழுவிப் போடலாமுங்க சாமி" என்பார். அவர் கழுவிய தூள்தான் நன்றாக வேலை செய்தது. அதில் எனக்குக் கிடைத்த பெயரில் பாதி அவருடையது.

கழுவிக் காயவைத்த கார்பனேட்டை இரும்புக் குழாயில் இட்டு, சூடாக்கி, ஹைட்ரஜனை ஓடவிட்டால் கறுப்பு நிக்கல் தூள் கிடைக்கும். அது சூடாக இருக்கும்போது காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும். அதனால் வாயு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆறவைத்து, பிறகு குழாயைத் திறந்து எண்ணெயில் கொட்ட வேண்டும். "குழாயில கைய வெச்சாப் பொறுக்கணும், அப்பத்தான் தெறக்கணும்" என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவர் புறங்கையை வைத்துப் பார்ப்பார்.

ஹைட்ரஜன் போதாமல் போனது அந்த மாசி மாதத்தில். இருந்ததெல்லாம் எண்ணெய்க் கொப்பரைக்கே சரியாகப் போயிற்று. ஆனால் ஹைட்ரஜன் செய்வதற்காக நாங்கள் முதலில் தயாரிக்கும் நீர்வாயு ஏராளமாக இருந்தது. கனலும் கரியின் மேல் நீராவியை விட்டால் வருவது. ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்தது. ஆறவைப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. முதலாளியிடம் சொன்னேன். நல்ல யோசனை என்றார். இரண்டே நாளில் குழாயை மாற்றி இணைத்தேன்.

இதை எழுதும்போது எதையும் மறைக்கக் கூடாது. நிக்கலைச் சுற்றி நான்கு கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் நிக்கல் கார்பனைல் உண்டாகும். அதுவும் ஓர் அணைவுச் சேர்மந்தான். உலோகம் ஆவியாகிக் காற்றில் கலக்கும் அதிசயம் என்று என் ஆராய்ச்சிக் கட்டுரையில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கி எழுதியிருந்தேன். கொடிய நஞ்சு என்றும் அதே பக்கத்தில் எழுதியிருந்தேன். அதிகச் சூட்டில் அது நிலைக்காது. கை பொறுக்கும் சூட்டில்தான் நன்றாக உண்டாகும். இத்தனையும் தெரிந்த எனக்கு, குழாயை மாற்றிய அன்று அந்தப் பக்கம் நினைவுக்கு வரவில்லை. அது பெங்களூரில் படித்தது, இது சேலத்தில் செய்வது என்று மனம் இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தது போலும்.

முதல்முறை அப்படி ஆறவைத்தது ஒரு திங்கட்கிழமை. நான் மாடியில் முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தேன். கீழே இறங்கி வந்தபோது என் துணையாள் வெளியே வேப்பமரத்தடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாந்தி எடுத்திருந்தார்.

"என்னாச்சுங்க?"

"கொழாயத் தெறந்தனுங்க. அடுப்புக்கு மேல இருக்கற பழைய அட்டாலியில அடிக்கற கரி வாசம் அடிச்சுதுங்க. அப்பறம் கிறுகிறுன்னு வந்துருச்சு. ஒண்ணுமில்லீங்க, வெயிலுதான்."

ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். மோர் குடித்தார். தூளைச் சிந்தாமல் எண்ணெயில் கொட்டிவிட்டதாகச் சொன்னார். மறுநாளும் வேலைக்கு வந்தார். நான் நிம்மதி அடைந்தேன். மூன்றாம் நாள் வரவில்லை. நான்காம் நாள் காலை அவர் மனைவி தொழிற்சாலை வாசலுக்கு வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும் மூச்சு விட முடியவில்லை என்றும் சொன்னார்.

போய்ப் பார்த்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. நிமோனியா என்றார் டாக்டர். படுக்கையருகே நின்றபோதுதான் அந்தப் பக்கம் எழுத்துக்கு எழுத்து என் நினைவில் வந்து நின்றது. முதலில் தலைவலி, வாந்தி. பிறகு சுகமானதுபோல இருக்கும். சில நாள் கழித்து மூச்சு முட்டும். என்றாலும் டாக்டரிடம் நான் வாய் திறக்கவில்லை. நிச்சயமாகத் தெரிந்துகொண்டு சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தொழிற்சாலைக்குத் திரும்பினேன்.

திறந்த வெளியில் சின்னக் குழாய் ஒன்றை வைத்து, காற்று வரும் பக்கமாக நின்று, அதையே திரும்பச் செய்தேன். வெளிவரும் வாயுவைக் கொளுத்தினேன். முதலில் நீலச் சுடர். குழாய் ஆற ஆறச் சுடர் வெளுத்துப் பளிச்சென்றாயிற்று. குளிர்ந்த பீங்கான் கிண்ணத்தை அதில் காட்டினேன். கறுப்பாகக் கண்ணாடிபோல ஒரு படலம் ஒட்டியது. அதை அமிலத்தில் கரைத்து, அம்மோனியா விட்டு, நிக்கலைக் கண்டுபிடிக்கும் கரைசலை இரண்டு சொட்டு விட்டேன். செக்கச்செவேலென்று திரிந்தது; நிக்கல் வாயுவோடு வெளியே வந்திருந்தது. மாணவனாக இருந்தபோது எனக்கு மிகவும் பிடித்த சிவப்பு அது. கிண்ணத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "காலையிலேயே சொல்லியிருந்தா காப்பாத்தியிருப்பீங்களான்னு என்னைக் கேக்காதீங்க. எனக்குத் தெரியாது" என்றார். மறுநாள் உச்சிவேளையில் என் துணையாள் இறந்துபோனார்.

முதலாளி கெட்டவர் அல்ல. அடக்கத்துக்கு வேண்டியதெல்லாம் செய்தார். பிறகு என்னைத் தனியாக அழைத்தார். "டாக்டரே நிமோனியான்னு எழுதிட்டாரு தம்பி. அதுக்கு நாம எதுக்கு வேற பேரு வெக்கோணும்?" என்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் பஸ் ஏறிப் பரமத்தி வேலூர் போனேன். இறந்தவரின் மனைவியான அந்த அம்மா கொழுந்தனார் வீட்டில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நானும் நின்றபடியே சொன்னேன். வாயுவை மாற்றியது நான், அது நஞ்சாகும் என்று படித்தவன் நான், அவரிடம் சொல்லாமல் விட்டதும் நான்.

அந்த அம்மா கேட்டார்: "ஆஸ்பத்திரியில கெடக்கறப்ப, கரி வாசம், கரி வாசம்னே சொல்லிட்டிருந்தாருங்க. காச்சல்ல பொலம்பறாருன்னு நானு காதுலயே வாங்குலீங்க. அப்ப அது நெசந்தானுங்களா?"

"நெசந்தானுங்கம்மா. அவரு புத்தி தெளிவாத்தான் இருந்துச்சு."

அதைக் கேட்டபிறகுதான் அழுதார். கொழுந்தனார் வெளியே வந்து என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கிட்டச் சொன்னத எழுதியும் குடுப்பீங்களா?" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். தொழிற்சாலைகளை மேற்பார்வை பார்க்கும் சர்க்கார் அதிகாரிக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அவர் வந்தார், குழாய்களைப் பார்த்தார், என்னையும் முதலாளியையும் தனித்தனியே விசாரித்தார். அந்த அம்மாவுக்குச் சட்டப்படி சேர வேண்டியது கிடைத்தது. முதலாளி அதன்பிறகு என்னோடு வேலை விஷயம் தவிர வேறெதுவும் பேசவில்லை. ஹைட்ரஜனில் மட்டுமே ஆறவைக்கும்படி குழாய்களை என் கையாலேயே திருப்பி இணைத்தேன். காற்று ஓடட்டும் என்று, குழாய் இருந்த கொட்டகைச் சுவரின் மேல்பாதியை எடுக்கச் செய்தேன். யுத்தம் முடியும்வரை இருந்துவிட்டு, ஒரு கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனேன்.

சில வருஷம் கழித்து கரூர் போகும் வழியில் பஸ் வேலூரில் நின்றது. வெற்றிலைக் கட்டுகளுக்கு ஈரச்சாக்கு மூடிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே அந்த அம்மா இருந்தார். கொடிக்கால் மறுபடி எழும்பியிருந்தது. இறங்கிப் போய் முன்னால் நின்றேன். அடையாளம் கண்டுகொள்ள அவருக்கு நேரம் ஆகவில்லை.

"இன்னும் அந்த வேலைதானுங்களா?" என்றார்.

"இல்லீங்கம்மா. பசங்களுக்குப் பாடம் சொல்லித் தர்றேன்."

"எல்லாத்தையும் சொல்லித் தர்றீங்களா?"

"சொல்லித் தர்றேனுங்க."

தலையை அசைத்துவிட்டுக் குனிந்து அடுத்த கட்டுக்குத் தண்ணீர் தெளித்தார். கண்டக்டர் கூப்பிட்டார். நான் போய் ஏறிக்கொண்டேன்.